போன் ஆளைக் கூட்டி வரும். பத்திரம்தான் வீட்டை விற்கும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா காலத்தில் ஒரு வீட்டை விற்க மாதக்கணக்கில் அலைவார்கள். இப்போது படம் போட்ட அரை மணி நேரத்தில் போன் வருகிறது. வீடு விற்பது சுலபமாகிவிட்டது என்று சொல்லலாமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: விசாரிப்பது சுலபமாகிவிட்டது. விற்பது அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தார்கள். வரிக்கு இவ்வளவு என்று காசு. அதனால் ‘கிழக்குப் பார்த்த வீடு, நல்ல தண்ணீர், புரோக்கர் வேண்டாம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தொடர்புக்கு எதிர்வீட்டு போன் நம்பர். வெளியூர்க்காரர் எஸ்.டி.டி. பூத்தில் ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். கேட்பதற்கே காசு செலவானதால் வாங்கும் எண்ணம் உள்ளவர் மட்டுமே கேட்டார். இன்று கேட்பதற்குச் செலவில்லை; பஸ்ஸில் பொழுது போகாதவரும் கேட்பார். ஆகவே ஐம்பது போன் வந்தது என்பதற்காக விலையை ஏற்றாதீர்கள். நேரில் வந்து, குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்து, பத்திர நகல் கேட்கிறவர்தான் பார்ட்டி.

கேள்வி: வீட்டை விற்க முடிவு செய்துவிட்டோம். முதலில் எந்தத் தளத்தில் விளம்பரம் போடலாம்?
– சேலம் வாசகி

பதில்: விளம்பரம் மூன்றாவது வேலை. முதல் வேலை, தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டின் வில்லங்கச் சான்றைப் பார்ப்பது. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, ஆவண எண், கைமாற்றுத் தொகை என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். அடிக்கடி சிக்குவது ஒன்று உண்டு. வீட்டுக் கடனைக் கட்டி முடித்திருப்போம், பேங்க்காரர்கள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், நாமும் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்போம். ஆனால் கடன் வாங்கியபோது பதிந்த அடமானத்துக்கு ரத்து ரசீது பதிந்திருக்க மாட்டோம். வாங்க வருகிறவரின் வக்கீல் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான்.

கடன் முடிந்தும் பத்திரம் கைக்கு வரவில்லையா? கடன் அடைந்த 30 நாளுக்குள் பேங்க்காரர்கள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது வேலை பட்டா. பத்திரத்தில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, சதுர அடி, பெயரின் இனிஷியல் எல்லாம் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று ஆன்லைனிலேயே பாருங்கள். அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தால் மாற்றிவிட்டுத்தான் படம் எடுக்கக் கிளம்ப வேண்டும். தொழில்நுட்பம் வீடு விற்கிறவருக்குச் செய்த பெரிய உதவி கேமராவும் வீடியோவும் அல்ல. பத்திர ஆபீஸ் அலமாரியில் இருந்த பதிவேட்டை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்ததுதான். அதை முதலில் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஏதும் இல்லை. வாங்குகிறவன் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுக்கலாம்தானே?
– விழுப்புரம் வாசகர்

பதில்: பாதி நிம்மதி. பதிவானது மட்டும்தான் அதில் தெரியும். உயில் தெரியாது; பதியாத பாகப் பிரிவினை தெரியாது; கோர்ட்டில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் தெரியாது; பின்கட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கும் வாடகைதாரர் தெரியவே மாட்டார். மூலப் பத்திரங்களை வக்கீலிடம் காட்டி லீகல் பாருங்கள். வீட்டை ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை மழையிலும் நேரில் பாருங்கள்.

கேள்வி: வைட் ஆங்கிளில் படம் எடுத்தால் 10 அடி அறை 16 அடி மாதிரி தெரிகிறது. போடலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: வேண்டாம். வந்தவர் வாசலைத் தாண்டியதும் மனதில் ஒரு கோடு போட்டுவிடுவார்: படத்தில் ஏமாற்றியவர் பத்திரத்திலும் ஏமாற்றுவார் என்று. அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் விலை குறைந்துவிடும். காலை வெளிச்சத்தில், ஜன்னல்களைத் திறந்து வைத்து, கண் உயரத்தில் கேமராவைப் பிடியுங்கள். தெருமுனையில் தொடங்கி மொட்டை மாடியில் முடியும் வீடியோ ஒன்றை வெட்டாமல் எடுங்கள். தெரு அகலம், கார் திரும்பும் இடம், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரா தனிச்சுவரா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். கூரையில் ஓதம் இருந்தால் அதையும் காட்டுங்கள். எந்த வருடம் வந்தது, என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குறையை முதலிலேயே பார்த்துவிட்டு வருகிறவர் அதைக் காரணம் காட்டிக் கடைசி நாளில் விலையைக் குறைக்க முடியாது.

காட்டக் கூடாதவையும் உண்டு: பீரோ, பூட்டு, கேமரா பொருத்திய இடம், பள்ளிச் சீருடையில் குழந்தைகளின் படம். விளம்பரத்தைத் திருடனும் பார்ப்பான்.

கேள்வி: விளம்பரத்தில் விலை போடாமல் ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று போடலாமா?
– தென்காசி வாசகி

பதில்: விலையைப் போடுங்கள். போடாவிட்டால் உங்கள் நாள் முழுவதும் ‘ரேட் என்ன?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில் கழியும். வாங்குகிறவர் உங்கள் விலையோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். 50 லட்சம் வீட்டுக்கு நாலரை லட்சம் அதிலேயே போய்விடும். விலை தெரியாத வீட்டுக்கு அவரால் பேங்க்கில் லோன்கூடக் கேட்க முடியாது.

கேள்வி: என் மகன் ஏ.ஐ.யிடம் கேட்டு வீட்டுக்கு விலை சொல்கிறான். தரகர் வேறு விலை சொல்கிறார். யாரை நம்புவது?
– கோவை வாசகர்

பதில்: அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். ஜில்லோ என்ற நிறுவனம் 2006-லிருந்து வீடுகளுக்குக் கணினி வழியே விலை மதிப்புச் சொல்லி வருகிறது. அந்த நாட்டில் வீட்டு விற்பனைத் தகவல் ஏராளமாகக் கிடைக்கும். 2018-ல் தானே வீடுகளை வாங்கி விற்கவும் இறங்கியது. 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. கையிருப்பு வீடுகளின் மதிப்பில் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டி வந்தது. வருங்கால விலையை முன்கூட்டிக் கணிப்பது நினைத்ததைவிடக் கடினம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அவ்வளவு தகவல் கையிலிருந்தும் அங்கே சறுக்கியது. நம் ஊரிலோ, பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பழக்கத்தால் தகவலே பழுதாகிக் கிடக்கிறது. பழுதான கணக்கைப் படித்த இயந்திரம் பழுதான விலையைத்தான் சொல்லும். மகனிடம் வேறு வேலை கொடுங்கள். பதிவுத்துறை தளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பை எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து மனைகள் அண்மையில் என்ன தொகைக்குப் பதிவாகின என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே தெருவில் போன வருடம் விற்றவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் வருவதுதான் விலை.

கேள்வி: போனிலேயே எல்லாம் முடியும்போது புரோக்கர் எதற்கு?
– வேலூர் வாசகர்

பதில்: ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. நோபுரோக்கர் போன்ற தளங்கள் பிறந்ததே அந்த வேலையைக் குறைக்கத்தான். ஆனால் இரு தரப்பும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நடுவில் நின்று இரண்டு லட்சத்தை ஆளுக்கு ஒரு லட்சமாகப் பிரித்து முடித்துவைப்பதை எந்தத் தளமும் செய்யாது. அதைச் செய்கிற நல்ல தரகருக்குக் கமிஷனை மனம் கோணாமல் கொடுங்கள். எவ்வளவு என்பதை மட்டும் முதல் நாளே எழுத்தில் பேசிவிடுங்கள். புதிய மனைப்பிரிவோ அடுக்ககமோ விற்கிற முகவராக இருந்தால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா பதிவு வைத்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு, ரெரா தளத்தில் சரிபாருங்கள்.

கேள்வி: ‘ராணுவத்தில் இருக்கிறேன், வேறு மாநிலத்தில் பணி, நேரில் வர முடியாது, அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள்’ என்கிறார் ஒருவர். அடையாள அட்டைப் படமும் அனுப்பியிருக்கிறார்.
– திருப்பூர் வாசகி

பதில்: ஸ்கேன் செய்யாதீர்கள். ராணுவத்தின் மீது நமக்குள்ள மரியாதையை வைத்துப் பிழைக்கும் கூட்டம் இது. இவர்கள் பேச்சில் எப்போதும் அவசரம் இருக்கும், வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்காது. ஒரு விதியைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: யூபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து போகிற பணம். ஒருவேளை ஏற்கெனவே பணம் போயிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிகிற நேரம் மிகக் குறைவு.

கேள்வி: பார்ட்டி கேட்கிறார் என்று பத்திரம், ஆதார், பான் எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: ஒரே மூச்சில் அல்ல. வீட்டைப் பார்க்காதவருக்கு எதுவும் வேண்டாம். பார்த்துப் பிடித்தவருக்குப் பத்திர நகல், குறுக்கே ‘இன்னாருக்குப் பார்வைக்காக மட்டும்’ என்று தேதியுடன் எழுதி அனுப்புங்கள். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதும். கையெழுத்தும் கைரேகையும் தெளிவாகத் தெரியும் பக்கத்தை அசல் சரிபார்க்கும் நாளில் நேரில் காட்டினால் போதும்.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் ‘42 லட்சம் ஓகே’ என்று அவர் போட்டார். நானும் ‘ஓகே’ போட்டேன். இப்போது பின்வாங்குகிறார். அந்த மெசேஜ் ஒப்பந்தம் ஆகாதா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: அது பேச்சு நடந்ததற்குச் சாட்சி; கிரய ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். அதற்காக மெசேஜை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டப்படி, உரிய சான்றோடு தாக்கல் செய்தால் மின்னணுப் பதிவையும் நீதிமன்றம் பார்க்கும். இனிமேல் இப்படிச் செய்யுங்கள்: போனில் பேசி முடித்ததும் விலை, அட்வான்ஸ் தொகை, பதிவு நாள், யார் எந்தச் செலவு என்று நான்கு வரி எழுதி அனுப்பி, ‘சரிதானா?’ என்று கேளுங்கள். பத்து நாளுக்குள் ஒப்பந்தத்தைப் பதிந்துவிடுங்கள். ‘ஓகே’ என்பதை நம்பி வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். அப்பா கட்டிய வீட்டை விற்பதாகக் குடும்ப குரூப்பில் போட்டேன். தங்கச்சி பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: கூடாது. சட்டப்படியும் கூடாது, அண்ணன் என்ற முறையிலும் கூடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு. தங்கச்சி கையெழுத்தில்லாமல் அந்த வீட்டை முழுதாக விற்க முடியாது.

அதைவிட முக்கியம் ஒன்று சொல்வேன். அவள் பிறந்து வளர்ந்த வீடு போகிறது என்ற சேதி, பிறந்தநாள் வாழ்த்துக்கும் காலை வணக்கப் படத்துக்கும் நடுவில் வந்து விழுந்திருக்கிறது. என்ன பதில் போடுவாள்? குரூப் என்பது கல்யாணத் தேதி சொல்ல, ரயில் நேரம் சொல்ல. வீடு விற்பது, பாகம் பிரிப்பது, கடன், நோய் இதெல்லாம் முதலில் நேரில், முடியாவிட்டால் போன் குரலில் சொல்ல வேண்டியவை. பஸ் ஏறிப் போங்கள். அவள் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். என்ன விலை எதிர்பார்க்கிறோம், யாருக்கு எவ்வளவு, சாமி படமும் அம்மா பாத்திரமும் யாருக்கு என்பது வரை பேசுங்கள். பேசி முடித்ததை மட்டும் குரூப்பில் போடுங்கள்.

கேள்வி: அண்ணன் சிங்கப்பூரில். பதிவு நாளில் வீடியோ காலில் வந்தால் போதுமா?
– சிவகங்கை வாசகர்

பதில்: போதாது. ஒன்று, நேரில் வர வேண்டும். அல்லது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற பொது அதிகாரப் பத்திரத்தை (பவர்) அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பதிவின்போது அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். வெறும் பவரை வைத்து வீட்டைக் கைமாற்றுவது விற்பனை ஆகாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர் முறையான கிரயப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும்.

வரி விஷயத்தையும் பார்ட்டியிடம் முன்பே சொல்லுங்கள். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு, வாங்குகிறவர் பிடிக்கும் வழக்கமான 1 சதவீத வரிப் பிடித்தம் பொருந்தாது. அதைவிட அதிகம் பிடிக்க வேண்டும். பதிவு நாளில் இது தெரியவந்தால் முகம் சுளிப்பார்கள். முன்பே தெரிந்தால் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் விண்ணப்பித்து வாங்கிவிடலாம்.

கேள்வி: அம்மா படுத்த படுக்கை. கைரேகைக்கும் போட்டோவுக்கும் பத்திர ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டுமா?
– அரியலூர் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்திலேயே, உடல்நலமில்லாதவரின் வீட்டுக்குப் பதிவு அலுவலர் வந்து பதிவதற்கு இடமிருக்கிறது. டாக்டர் சான்றோடு எழுத்தில் விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைக் கட்டினால் போதும். இப்படி ஒரு வழி இருப்பதைப் பலர் சொல்லித் தருவதில்லை. அம்மா என்ன எழுதிக் கொடுக்கிறார் என்பதை அவருக்குப் புரியும்படி வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். அவர் மனதார ‘சரி’ சொன்ன பிறகே தேதி வையுங்கள்.

கேள்வி: ‘பாதி ரொக்கமாகத் தருகிறேன்’ என்கிறார் வாங்குகிறவர்.
– ராஜபாளையம் வாசகர்

பதில்: மறுத்துவிடுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2015 ஜூன் முதல் தடை. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். பேங்க் வழியாக வந்த பணத்துக்கு நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். நாளைக்கு ஒரு தகராறு என்றால் அதுதான் உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: இந்தக் காலத்துப் பிள்ளைகள் போன் பண்ணினால் எடுப்பதில்லை. ‘மெசேஜ் போடுங்க அங்கிள்’ என்கிறார்கள். வீடு வாங்க வருகிறவர்களும் அப்படித்தான். எப்படிப் பேசுவது?
– காரைக்குடி வாசகர்

பதில்: வருத்தப்படாதீர்கள். மதியம் வேலையில் இருக்கும் பிள்ளை மெசேஜைத்தான் படிக்க முடியும். விவரத்துக்கு மெசேஜ், பேரத்துக்குக் குரல், முடிவுக்கு நேர் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சதுர அடி, வயது, திசை, பட்டா, விலை இவற்றை ஒரே செய்தியாக எழுதி வைத்துக்கொண்டு, கேட்கிறவருக்கெல்லாம் அனுப்புங்கள். பேரத்தை மெசேஜில் நடத்தாதீர்கள். ‘38-க்கு முடியுமா?’ என்ற எழுத்தில் மரியாதை இருக்கிறதா, அலட்சியம் இருக்கிறதா என்று தெரியாமல் நாம் கோபப்பட்டுவிடுவோம். அதே கேள்வியைக் குரலில் கேட்டால் ‘கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க’ என்ற தயக்கம் காதில் விழும். உங்களுக்கும் இறங்கி வர மனம் வரும்.

கேள்வி: பதிவு முடிந்தது, பணமும் வந்துவிட்டது. இனி ஏதாவது வேலை பாக்கியா?
– மதுரை வாசகி

பதில்: அன்றைக்கே செய்ய வேண்டியவை உண்டு. எல்லாத் தளங்களிலிருந்தும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்; உங்கள் பழைய படங்களை வைத்து வேறு யாராவது வாடகைக்கு அட்வான்ஸ் வசூலிக்க இடம் கொடுக்காதீர்கள். வாசல் கேமராவின் செயலி உங்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். புதியவர் முன்னிலையில் கணக்கை நீக்கி, கடவுச்சொல்லை அவரையே போடச் சொல்லுங்கள். அடுத்தவர் குடும்பம் நடத்தும் வீட்டை ஒரு நாள்கூட நாம் பார்க்கக் கூடாது. மின் இணைப்பு, வீட்டு வரி, குடிநீர் வரி மூன்றும் பெயர் மாறும்வரை அவருக்கு ஒத்துழையுங்கள். மோட்டார் பழுது பார்க்கிறவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர்களையும், தண்ணீர் வால்வு, கழிவுநீர்த் தொட்டி இருக்கும் இடத்தையும் ஒரு வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும் என்பதால் கிரயப் பத்திர நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறைக் கணக்கில் ‘எழுதிக் கொடுத்தவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் என்றைக்கும் இருக்கும். அதைப் படித்துவிட்டு யார் போன் செய்து கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்ல முடிகிற மாதிரி விற்றிருந்தால், நன்றாக விற்றிருக்கிறீர்கள்.